ரைடிங் ஆர்மர்: கவசமா, காப்பா, அடிதாங்கியா?

பைக் ஓட்டுறவங்க வாயில ‘ஆர்மர்’ங்கிற சொல்லு இப்போ சர்வ சாதாரணமா புழங்குது, ஆனா ஒரே சொல்ல வச்சு மூணு வேற வேற பொருள சொல்றாங்க. ஒருத்தர் ‘ஆர்மர் போட்டுட்டு வா’ன்னா ஜாக்கெட்ட சொல்றாரு, இன்னொருத்தர் ‘இதுல ஆர்மர் இருக்கா’ன்னு கேக்குறப்ப ஜாக்கெட் உள்ள பாக்கெட்ல சொருகி வச்சிருக்குற பேட சொல்றாரு, கடைக்காரர் ‘ஃபுல் ஆர்மர் செட் சார்’னு எடுத்து காட்டுறது வெல்க்ரோ பட்டை வச்ச, முழங்காலுக்கும் முழங்கைக்கும் கட்டுற பிளாஸ்டிக் கார்டு. தமிழ்ல எழுதுறவங்க இது எல்லாத்துக்கும் ‘உடல் கவசம்’னு ஒரே போடா போட்டுடறாங்க. வாங்குறவன் ஏமாறுறது அங்கதான்.

மொதல்ல இங்கிலீஷ் சொல்ல பாத்துடலாம். ஆர்மர் வந்தது பழைய பிரெஞ்சுல இருந்து, அதுக்கும் மேல போனா லத்தீன் ‘ஆர்மாத்தூரா’, அதுக்கு அடி ‘ஆர்மா’, ஆர்மான்னா ஆயுதங்கள். ஆர்மியும் அதே வேர்தான். ஆக சண்டைக்கு தயாராகி நிக்கிற ஆளோட மொத்த தளவாடத்த சொல்ற சொல்லு அது, அப்புறம்தான் உடம்ப மூடுறதுன்னு பொருள் சுருங்குச்சு.

நம்ம ‘கவசம்’ வடமொழிச் சொல்லு, ஆனா நேத்து வந்தது கிடையாது, சங்கப் பாட்டுலயே இருக்கு. புறநானூறு 13-ஆம் பாட்டுல உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ‘புலிநிறக் கவசம் பூம்பொறி சிதைய, எய்கணை கிழித்த’ மார்புன்னு பாடுறாரு, இதுக்கு பழைய உரைக்காரர் புலித்தோல்ல செஞ்ச ‘மெய்புகு கருவி’ன்னு பொருள் சொல்றாரு. லெதர் ஜாக்கெட்னு சொன்னா கோச்சுக்க மாட்டாருன்னு நெனைக்கிறேன். அத போட்டுட்டு வர்ற சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி யானை மேல வர்றாரு, அந்த யானைக்கு மதம் புடிச்சு கட்டுப்பாடு இல்லாம சேரனோட ஊருக்குள்ள போகுது, அவரு நோவில்லாம திரும்பிப் போகட்டும்னு புலவர் வேண்டுறாரு. வண்டி கைய மீறிப் போச்சு, ஆனா மேல இருக்குற ஆள் ரைடிங் கியர் மாட்டியிருக்காரு, ரைடிங் கவசத்துக்கு இதவிட பழைய சாட்சி வேணுமா?

கவசத்தத் தவிர வேற சொல்லுங்களும் பழந்தமிழ்ல உண்டு, அதுல மூணு நமக்கு ரொம்ப தோதானது. ‘மெய்ப்பை’ முல்லைப்பாட்டுல வருது, பாசறையில காவலுக்கு நிக்கிற யவனர் போட்டிருக்குற சட்டை அது. மெய்ய உள்ள விடுற பை, அதாவது கோட்டு, ஜாக்கெட். ‘மெய்ம்மறை’ பதிற்றுப்பத்துல வருது, சேர ராஜாவையே ‘சான்றோர் மெய்ம்மறை’ன்னு கூப்புடுறாங்க, அங்க சான்றோர்னா படைவீரங்க, அவங்க மேல விழ வேண்டிய அடிய முன்னாடி நின்னு வாங்கிக்கிற ஆளுன்னு அர்த்தம். மூணாவது ‘சாலிகை’, வலைங்கிற பொருள் உள்ள வடசொல்லுல இருந்து வந்தது, கண்ணி கண்ணியா கோத்த இரும்புச் சட்டைக்கு பேரு. இன்னைக்கு மெஷ் ஜாக்கெட்னு நாம வாங்குறதும் வலைதான், ஆனா அது காத்து வர்றதுக்கு, வாள தடுக்குறதுக்கு இல்ல. போற போக்குல இன்னொன்னு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன்னு வர்ற பேருல இருக்குற ‘வர்மன்’, வடமொழியில கவசம்னு பொருள் சொல்ற சொல்லுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஐரோப்பாவுல இதுக்கெல்லாம் தரக்கட்டுப்பாடு எழுதுனவங்க ஆர்மர்ங்கிற சொல்ல பேருலயே வைக்கல, ஈ.என். 1621ங்கிற வரிசையில ‘அடி தாக்கத்துல இருந்து காக்குற பொருள்’ங்கிற மாதிரிதான் பேரு இருக்கு. ஜாக்கெட், பேன்ட்டுக்கு ஈ.என். 17092ன்னு தனி வரிசை. ரெண்டும் ரெண்டு வேலை. உள்ள இருக்குற துண்டு மோதுற அடிய வாங்குது, வெளிய இருக்குற துணியோ தோலோ ரோட்டுல இழுத்துட்டுப் போறப்ப தேய்மானத்த வாங்குது. துண்டு நல்லாருந்து துணி கிழிஞ்சா அந்தத் துண்டே எடத்த விட்டு ஓடிடும், அப்புறம் அதுல என்ன தரம் போட்டு என்ன.

அதனால என் கணக்குல உள்ள இருக்குற துண்டுக்கு ‘அடிதாங்கி’ன்னு சொல்றதுதான் சரி. இடிதாங்கி இருக்கு, சுமைதாங்கி இருக்கு, அதே அச்சுல இது சட்டுனு புரியும். காப்புன்னும் சொல்லலாம், முழங்கால் காப்பு, முதுகுக்காப்புன்னு சொல்ல வாய்க்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா தனியா ‘காப்பு’ன்னா கையில போடுற காப்பு ஞாபகம் வந்துடுது. ஜாக்கெட்டுக்கு மெய்ப்பைன்னு வைக்கலாம், புழக்கத்துக்கு வருமான்னா கஷ்டம்தான், ‘ரைடிங் ஜாக்கெட்’னே எழுதிட்டுப் போங்க, தப்பில்ல. கவசம்ங்கிற சொல்ல ஹெல்மெட்டுக்கு விட்டுடலாம், ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’னு ரோட்டோரம் பூரா போர்டு வச்சு அது நிலைச்சுப் போச்சு, ஒரே பொருளா தலைய மூடுறதால அங்க அது பொருந்தவும் செய்யுது. சட்டமும் தலைக்கு மட்டும்தான் கேக்குது, மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆவது பிரிவு. 2021 ஜூன் 1-ல இருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்ட விக்கவே கூடாதுன்னும் ஆயிடுச்சு. உடம்பு உங்க பாடு.

அடிதாங்கில ‘லெவல் 1’, ‘லெவல் 2’ன்னு போட்டிருக்குறது என்னன்னு பாப்போம், இதுலதான் பலபேர் குழம்புறாங்க. சோதனையில சுமார் 5 கிலோ எடைய கிட்டத்தட்ட 1 மீட்டர் ஒசரத்துல இருந்து அந்தத் துண்டு மேல விடுவாங்க, 50 ஜூல் சக்தி, அடியில எவ்வளவு விசை இறங்குதுன்னு அளப்பாங்க. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் துண்டுக்கு 1621-1. அதுல சராசரியா 35 கிலோநியூட்டனுக்குள்ள இறங்குனா லெவல் 1, 20க்குள்ள இறங்குனா லெவல் 2. முதுகுக்கு 1621-2, அங்க லெவல் 1க்கே 18 தான் வரம்பு, லெவல் 2க்கு 9. கவனிச்சீங்களா, தோளோட லெவல் 2ல அனுமதிக்கிற விசை முதுகோட லெவல் 1ல அனுமதிக்கிறத விட அதிகம். 9 கிலோநியூட்டன்னா கிட்டத்தட்ட 900 கிலோ எடை ஒரு கணம் அழுத்துற அளவு, அதுவே உசந்த தரம்னா பாத்துக்கோங்க. அதனால ‘லெவல் 2’ன்னு மொட்டையா சொல்றவர்கிட்ட எந்த உறுப்புக்கு, எந்த எண்ணுன்னு கேளுங்க. லேபிள்ல ஒரு பைக் ஓட்டுற ஆள் படம் இருக்கும், பக்கத்துல எழுத்து இருக்கும், தோளுக்கு எஸ், முழங்கைக்கு ஈ, இடுப்புக்கு எச், முழங்காலுக்கு கே, முழு முதுகுக்கு எஃப்.பி., நடு முதுகுக்கு சி.பி. கூடவே டைப் ஏ, டைப் பின்னு இருக்கும், அது மூடுற பரப்பு, பி பெருசு. ரெண்டும் கிடைச்சா உங்க ஜாக்கெட்டோட உள்பாக்கெட்டுக்கு அடங்குற பி-ய எடுங்க.

இதே லேபிள்ல ‘டி பிளஸ்’, ‘டி மைனஸ்’னு ஒரு குறி இருக்கலாம், அத யாரும் கண்டுக்கறதில்ல. ஒன்னு 40 டிகிரி சூட்டுலயும் இன்னொன்னு மைனஸ் 10 குளிர்லயும் சோதிச்சுப் பாஸ் ஆனதுக்கு. கட்டாயம் இல்ல, கம்பெனி விருப்பப்பட்டா எடுக்கலாம். இப்ப வர்ற நல்ல அடிதாங்கியெல்லாம் ஒரு மாதிரி பிசின் மாதிரியான நுரை, மெதுவா அழுத்துனா வளையும், வேகமா அடிச்சா அந்த நேரத்துக்கு இறுகிக்கும், இங்கிலாந்துல 1999-ல ஆரம்பிச்ச டி-3-ஓ கம்பெனி பொருள் அப்படித்தான், ஜெர்மனிக்காரங்க சாஸ்-டெக்கும் இதே ரகம். இந்த மாதிரி பொருள் சூட்டுல இளகும், குளிர்ல விறைக்கும். அக்னி நட்சத்திரத்துல வேலூர் பக்கம் ஓட்டுறவருக்கு டி பிளஸ்தான் முக்கியம், லடாக் போறவரு ரெண்டையும் பாக்கணும்.

ஜாக்கெட்டோட தரத்துக்கு ஏ.ஏ.ஏ., ஏ.ஏ., ஏ, பி, சின்னு அஞ்சு வகுப்பு. ஏ.ஏ.ஏ. கனமா இருக்கும், ரேஸ் லெதர் மாதிரி, இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டுனா அதுதான், சிட்டிக்கு நம்ம வெயில்ல அத போட்டா மூணாவது சிக்னல்ல கழட்டிடுவீங்க. பி-ங்கிறது தேய்மானத்துக்கு ஏ மாதிரியே நிக்கும், ஆனா அடிதாங்கி இல்லாதது. சி அப்படியே தலைகீழ், அடிதாங்கிய எடத்துல புடிச்சு வைக்கிற வலைச்சட்டை, தேய்மானத்துக்கு ஒன்னுமே கிடையாது, மேல வேற ஜாக்கெட் போடணும். நம்மூர்ல ‘பாடி ஆர்மர்’னு தேடுனா மொதல்ல வர்றது இந்த வலைச்சட்டையும், பிளாஸ்டிக் ஓடு வச்ச மோட்டோகிராஸ் சட்டையும்தான், மண்ணுல விழுறவனுக்கு அது ஓகே, தார் ரோட்டுல அத மட்டும் போட்டுட்டு 80ல போறது சரியில்ல. சி.இ.ங்கிறது ஐரோப்பியத் தர முத்திரை. ‘சி.இ. ஆர்மர் உள்ள ஜாக்கெட்’னு எழுதியிருக்குறதும் ‘சி.இ. சான்று பெற்ற ஜாக்கெட்’னு எழுதியிருக்குறதும் ஒன்னில்ல. மொதல்ல சொன்னதுல உள்ள இருக்குற துண்டுக்கு மட்டும்தான் சான்று, துணி எப்படின்னு யாருக்கும் தெரியாது. விளம்பரம் எழுதுறவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

முதுகு பாக்கெட்ட கட்டாயம் தொறந்து பாருங்க. நிறைய ஜாக்கெட்ல அங்க இருக்குறது வெறும் ஸ்பாஞ்ச், டம்மி பேடுன்னே கடையில சொல்வாங்க, அது எடத்த அடைச்சு வைக்க வச்சது. ஜாக்கெட் வகுப்புக்கு முதுகுத்துண்டு கட்டாயம் இல்லைங்கிறதால நல்ல விலை உள்ள ஜாக்கெட்டே அத இல்லாம வருது. தனியா வாங்கி போடணும், அந்த காசையும் சேத்து விலை கணக்கு போடுங்க. முதுகுக்காப்புக்கு பெரிய கதை இருக்கு, இத்தாலி டைனீஸே கம்பெனி 1979-ல சிங்கி இறால் ஓட்ட பாத்து அடுக்கடுக்கா செஞ்சாங்க, அத போட்டு ஓட்டுனவர் ரேஸர் பாரி ஷீன். ஆனா அது நேரா முதுகுல விழுற அடிக்கு, முதுகெலும்பு மடங்கி முறுக்கிக்கிறத எந்தத் துண்டும் தடுக்காது.

அளவுல ஒரு விஷயம், கண்ணாடி முன்னாடி நின்னு பாத்து வாங்காதீங்க. வண்டியில உக்காந்து, கை ஹேண்டில் பார்ல வச்சு, முழங்கை மடங்குனப்ப துண்டு முழங்கை முட்டி மேலயே இருக்கான்னு பாருங்க, ஒரு கையால புடிச்சு திருகிப் பாருங்க, சுத்துனா விழுறப்பவும் சுத்தும். பேன்ட்டுல முழங்கால் துண்டு நின்னா கீழ, உக்காந்தா மேல ஏறும், அதுக்குத்தான் பாக்கெட்ட ஏத்தி இறக்க வெல்க்ரோ வச்சிருப்பாங்க. முதுகுத்துண்டு அளவு ஆள் ஒசரத்துல இல்ல, கழுத்தடியில இருந்து இடுப்பு வரைக்கும் அளக்கணும்.

நெஞ்சுக்குன்னு விக்கிற சிலது அடிதாங்கியே இல்ல. முன்னாடி போற வண்டி டயர் வாரி அடிக்கிற கல்லு படாம இருக்க ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருக்கு, அதுக்கு ஈ.என். 14021ன்னு வேற தரம், தமிழ்ல ‘கல்தடுப்பு’ன்னு சொன்னா முடிஞ்சுது. நெஞ்சு அடிதாங்கி வேணும்னா லேபிள்ல 1621-3 இருக்கணும்.

கடைசியா ஏர்பேக். மோட்டோ ஜிபி ரேஸ்ல 2018-ல இருந்து கட்டாயம், ரோட்டுக்கும் உள்சட்டையா வருது. சட்டையையும் வண்டியையும் சேத்துக் கட்டுன கயிறு இழுத்து உப்புறது ஒரு ரகம், அதுக்குத் தரம் 1621-4, சென்சார் வச்சு தானா உப்புறது இன்னொரு ரகம். இதுக்கு ‘காற்றுப்பை’ன்னு கார் பக்கத்துல இருந்து சொல்லு ஏற்கனவே வந்துடுச்சு. கயிறு ரகம் வாங்குறவங்க வண்டியில இருந்து எறங்குறதுக்கு முன்னாடி கொக்கிய கழட்டிப் பழகுங்க. மறந்து எறங்கி வேகமா நடந்தா பெட்ரோல் பங்க்லயே உப்பிடும், மறுபடி ஓட்டணும்னா புது கேஸ் சிலிண்டர் வாங்கி மாட்டணும்.