தோல் தைக்கும் மெஷினா? காலைப் பார்த்து வாங்குங்கள்

பெல்ட்டுக்காக ஒரே நீளத்தில் இரண்டு தோல் பட்டைகளை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பவர் மெஷினில் தைக்க ஆரம்பித்தேன். தொடங்கிய இடத்தில் இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. கடைசிக்கு வந்தபோது மேல் பட்டை கீழ்ப் பட்டையைத் தாண்டி அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றது. அளந்தது சரி, வெட்டியதும் சரி. நடுவில் மெஷின்தான் ஏதோ வேலை காட்டியிருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், "இது இண்டஸ்ட்ரியல் மெஷின், எதையும் தைக்கும், நீங்கள் இழுத்துப் பிடித்திருப்பீர்கள்" என்றார்.

அந்த "இண்டஸ்ட்ரியல்" என்ற சொல்லில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறோம். ஒரே வேலையை நாள் முழுக்க நிற்காமல் செய்யும் மெஷின் என்பதுதான் அதற்கு அர்த்தம். சட்டைத் துணியில் நிமிடத்துக்கு 5000 தையல் போட்டுத் தள்ளும் மெஷினும் இண்டஸ்ட்ரியல்தான், குதிரைச் சேணம் தைப்பதும் இண்டஸ்ட்ரியல்தான். மோட்டார் எத்தனை வாட், உடம்பு முழுக்க இரும்பா என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது, ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் தோலை நகர்த்துவது யார் என்பதை.

சாதாரண மெஷினில் அந்த வேலை ஊசித் தட்டுக்கு அடியில் இருக்கும் பற்களுடையது. மேலே எழும், பின்னால் தள்ளும், கீழே இறங்கும், முன்னால் திரும்பி வரும். இந்த நாலு அசைவு முறைக்கு ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது 1854இல், இன்றும் வீட்டு மெஷின்களில் ஓடுவது அதே யோசனைதான். இதில் மேலே இருக்கும் பிரஷர் ஃபுட், அதாவது கால், எதையும் நகர்த்துவதில்லை, அழுத்திப் பிடிப்பதோடு சரி. அடியில் உள்ள அடுக்கைப் பல் இழுக்கிறது, மேல் அடுக்கைக் காலின் உராய்வு பின்னுக்குப் பிடிக்கிறது. மெல்லிய துணியில் இந்த இழுபறி பெரிதாகத் தெரியாது. தோலில் ஒவ்வொரு தையலுக்கும் நூலளவு பிசகினால்கூட 200 தையல் தாண்டியதும் என் பெல்ட் மாதிரி ஆகிவிடும். பசை போட்டு ஒட்டிவிட்டுத் தைத்தால் பட்டைகள் விலகாது என்பது உண்மை, ஆனால் அப்போது மொத்தத் தோலும் காலடியில் ஒட்டிக்கொண்டு தயங்கும், 4 மில்லிமீட்டருக்கு வைத்த தையல் ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 3 என்று விழும். மேலே பளபளப்புப் பூச்சு உள்ள தோலில் இது இன்னும் மோசம்.

இதற்கு விடை ஊசி, பல், கால் மூன்றும் சேர்ந்து நகரும் முறை. இதில் கால் இரண்டு: உள் கால், வெளிக் கால். ஊசி தோலுக்குள் குத்தி நிற்கும்போதே, அடியில் பல்லும் மேலே உள் காலும் அதோடு ஒன்றாகப் பின்னால் போகின்றன. தாள் கட்டு ஒன்றில் குண்டூசியைச் செருகி நகர்த்திப் பாருங்கள், எல்லாத் தாளும் ஒன்றாகத்தான் வரும், அதே கதைதான். ஊசி வெளியே வரும் நேரத்தில் வெளிக் கால் இறங்கித் தோலைப் பிடித்துக்கொள்ளும், உள் கால் தூக்கிக்கொண்டு முன்னால் வரும். ஒன்று மாற்றி ஒன்று நடப்பது போல இருப்பதால்தான் "வாக்கிங் ஃபுட்" என்ற பெயர். ஒரு எச்சரிக்கை: காலும் பல்லும் மட்டும் நகர்ந்து ஊசி செங்குத்தாகவே நிற்கும் மெஷினையும் இதே பெயரில் விற்பார்கள், வீட்டு மெஷினில் மாட்டும் துணைக் காலுக்கும் இதே பெயர்தான். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி கீழே இருக்கும்போது அதுவும் பின்னால் சாய்ந்து போகிறதா? போனால் சரியான மெஷின்.

அடுத்த தலைவலி தையல் விட்டுப்போவது. ஊசி அடிமட்டத்துக்குப் போய்ச் சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறும்போது, காதுக்குப் பக்கத்தில் நூல் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும். அந்த நொடியில் அடியில் சுற்றும் ஹூக், அதாவது கொக்கியின் முனை வளையத்துக்குள் நுழைந்து, நூலை பாபினை, அதாவது அடி நூல் சுற்றிய உருளையைச் சுற்றிக் கொண்டுபோகும். வளையம் புடைக்க வேண்டுமென்றால் ஊசி ஏறும்போது தோல் அசையாமல் இருக்க வேண்டும். தோலோ ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து எழும்பும். எழும்பினால் வளையம் இல்லை, ஹூக் வெறும் காற்றைப் பிடிக்கும். இதனால்தான் தோல் மெஷின்களில் காலின் ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது. துணி மெஷினில் தோலைப் போட்டுவிட்டு "டைமிங் போயிடுச்சு" (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம் தவறிவிட்டது) என்று மெக்கானிக்கைத் தேடுகிறவர்களில் பலருக்கு டைமிங் சரியாகவே இருக்கும், தோல்தான் எழும்பியிருக்கும்.

சரி, எந்த அளவு மெஷின்? நூலிலிருந்து பின்னோக்கி யோசிப்பது என் வழக்கம். தோல் வேலைக்குப் பெரும்பாலும் பாண்டட் நைலான், அதாவது இழைகள் பிரியாமல் பூச்சுப் போட்டு ஒட்டிய நூல், வெயிலில் கிடக்கும் பொருளுக்கு பாலியெஸ்டர். பர்ஸுக்கு 69ஆம் எண் நூல் போதும், பைக்கும் சாதாரண பெல்ட்டுக்கும் 138, சேணம் மாதிரிக் கனமான வேலைக்கு 277. இதில் 138 சுமார் 0.4 மில்லி தடிமன், 277 சுமார் 0.6. மேல் நூலும் பாபின் நூலும் கோத்துக்கொள்ளும் முடிச்சு தோலின் நடுவயிற்றில் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு மில்லி உள்ள இரண்டு தோலை 277 நூலில் தைத்தால் முடிச்சுக்கு உள்ளே இடமே கிடையாது, மேலேயோ கீழேயோ தலைநீட்டும். நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகை எத்தனை முறை திருகினாலும் அடங்காது.

நூல் தெரிந்தால் ஊசி தெரியும். ஊசி எண் 110 என்றால் அதன் தடிமன் 1.1 மில்லி, 140 என்றால் 1.4. 69ஆம் நூலுக்கு 110, 138ஆம் நூலுக்கு 140 அல்லது 160 என்று வைத்துக்கொள்ளலாம். ஊசி தெரிந்தால் மெஷின் வகை தானாக வந்து நிற்கும். ஜூக்கி 1541 மாதிரி நடுத்தர வாக்கிங் ஃபுட் மெஷின்கள் 69, 138 நூல்களில் சுகமாக ஓடும், மொத்தத் தடிமன் 8, 9 மில்லி வரை சமாளிக்கும். அதற்கு மேலே 441 என்ற கனரக வகை இருக்கிறது, 20 மில்லி அடுக்கைக்கூடக் குத்தி இறங்கும். ஆனால் அதே 441இல் மெல்லிய பர்ஸைத் தைத்தால், அகலமான ஊசி ஓட்டைக்குள் தோல் அமுங்கும், பற்கள் கீழ்ப்பக்கத்தைக் கடித்துவைக்கும். எல்லாவற்றுக்கும் ஒன்று என்று தேடாதீர்கள். மாதம் முழுக்க எதை அதிகம் தைக்கிறீர்களோ அதற்கு வாங்குங்கள்.

ஊசியில் இன்னொரு விஷயம். துணி ஊசியின் கூர் உருண்டை, இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோலில் விலக்க இழைவரிசை கிடையாது, வெட்டித்தான் போக வேண்டும், அதனால் தோல் ஊசியின் நுனியே ஒரு குட்டிக் கத்தி. அது எந்தத் திசையில் வெட்டுகிறது என்பதைப் பொறுத்துத் தையலின் முகமே மாறும். எல்ஆர் முனை 45 டிகிரியில் கீறும், தையல் கொஞ்சம் சாய்ந்து அழகாக விழும். எஸ் முனை தையல் போகும் திசையிலேயே கீறும், தையல் நேர்கோடாக வரும், ஆனால் நெருக்கித் தைத்தால் கீறல்கள் கைகோத்துக்கொண்டு தபால்தலை ஓரம் மாதிரித் தோல் கிழிந்துவரும். பிரித்துத் தைக்கவும் வழியில்லை, தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். வாக்கிங் ஃபுட் மெஷின்களில் பொதுவாக ஓடுவது 135×16, 135×17 ஊசிகள். 16 தோலுக்கு, 17 துணிக்கு. என்னிடம் வந்த மெஷினில் முதலில் இருந்தது 17, அது தெரியாமலே ஒரு வாரம் ஓட்டினேன்.

மோட்டாருக்கு இப்போதுதான் வருகிறோம். பழைய கிளட்ச் மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், பெடலை அரை மனதாக மிதித்தால்தான் மெதுவாகப் போகும், கொஞ்சம் அழுத்தினால் பாய்ந்துவிடும். தோலுக்கு வேண்டியது மூலையில் ஒவ்வொரு தையலாக எண்ணிப் போடும் நிதானம். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும், வேகத்துக்கு எல்லையும் வைக்கலாம். அதிலும் மலிவானவை குறைந்த வேகத்தில் திணறி, முதல் தையலிலேயே நின்று, கையால் சக்கரத்தைத் தள்ளச் சொல்லும். நடுவில் மூன்றுக்கு ஒன்று குறைக்கும் கப்பி ஒன்றைப் போட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும், குத்தும் விசை ஏறக்குறைய மூன்று மடங்காகும். வாட்டைப் பற்றிப் பேசுவதைவிட இந்தக் கப்பிக்குச் செலவழிப்பது மேல்.

உடம்பின் வடிவத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பெல்ட்டும் தட்டையான வேலையும் என்றால் தட்டை மேசை, பை என்றால் அடிப்பகுதி குழாய் மாதிரி நீளும் உருளைக் கை, ஷூ என்றால் அது மேசையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் தூண். உருளைக் கைக்கு மேல் பலகை பொருத்தித் தட்டையாக்கிக்கொள்ளலாம், தட்டையை உருளையாக்க முடியாது. பழைய சிங்கர் 29கே மாதிரி, கால் எல்லாப் பக்கமும் திரும்பும் ரிப்பேர் மெஷின்கள் ஆசை காட்டும். கிழிந்த ஷூவுக்கு அருமையானவை, ஆனால் பாபின் குட்டி, நீளத் தையலுக்கு அது மெஷினே இல்லை.

வாங்கப் போகும்போது உங்கள் தோலையும் உங்கள் நூலையும் எடுத்துப்போங்கள். கடைக்காரர் நீட்டும் துண்டு எப்போதும் வெண்ணெய் மாதிரி இருக்கும். இரண்டு அடுக்கிலிருந்து நாலு அடுக்குக்கு ஏறும் படி ஒன்றை ஒட்டிக்கொண்டு போய், அந்தப் படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் தையல் நீளம் மாறுகிறதா என்று அளந்து பாருங்கள்.

என் பெல்ட்டைப் பிறகு மூன்றும் சேர்ந்து நகரும் மெஷினில் தைத்தேன், இரண்டு முனையும் ஒன்றாகவே வந்து நின்றன. புதுத் தொல்லையும் வந்தது: வெளிக் காலின் பற்கள் தோல் மேல் வரிசையாகத் தடம் பதித்திருந்தன. காலைக் கழற்றி, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். இப்போது தையலுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய மினுமினுப்பு மட்டும் இருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும்.