வேற லெவல்: எந்த மட்டத்திலிருந்து வேற?

மதுரை கீழவாசலில் குடித்த ஜிகர்தண்டா வேற லெவல். மண்டபத்து மேடை அலங்காரம் வேற லெவல். அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்குக் கூட்டம் வேற லெவல். மாட்டுத்தாவணியில் பஸ் கிடைக்காமல் நின்ற கடுப்பும் வேற லெவல்தான். பலருக்கும் இந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. ஆங்கிலம் கலந்திருப்பதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். ‘பஸ்’ஸும் ‘டீ’யும் யாரையும் எரிச்சலூட்டவில்லையே! கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் ‘லெவல்’. லத்தீனில் ‘லிப்ரா’ என்றால் தராசு. அதிலிருந்து ‘லிபெல்லா’, சின்னத் தராசு. கட்டட வேலையில் மட்டம் பார்க்கும் கருவிக்கும் அதே பெயர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது ‘லெவல்’ ஆகியிருந்தது. துலாம் ராசிக்கு ‘லிப்ரா’ என்று பெயர் வந்ததும், பவுண்டு எடையை ‘எல்.பி.’ என்று சுருக்கி எழுதுவதும் அதே தராசிலிருந்துதான். ஆக, லெவல் பிறவியிலேயே கொத்தனார் கைச்சொல்.

நம் கொத்தனார் கையிலும் அது இருக்கிறது. ரசமட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை என்று கருவிகளின் பெயரிலெல்லாம் ‘மட்டம்’ உட்கார்ந்திருக்கும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் மட்டம் பார்க்க டியூப் லெவல். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்த அறைச் சுவரில் போட்ட கோட்டில் பிடித்துக்கொண்டு, மறு முனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே அந்த அறைச் சுவரில் கோடு போடுவார்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் தவறும். ஒரு வாயைக் கட்டைவிரலால் அடைத்தபடி பார்த்தாலும் தவறும். இத்தனைக்கும் முன்னால் ஒன்று வேண்டும்: முதல் கோடு. தரையிலிருந்து மூன்றடியிலோ நான்கடியிலோ அதைப் போட்ட பிறகுதான் மற்ற எல்லாம். ஒப்பிட ஒரு கோடு இல்லாமல் லெவல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

‘வேற லெவல்’ தொலைப்பது அந்தக் கோட்டைத்தான். எதிலிருந்து வேற? மேலேயா, கீழேயா?

வைகை அணையைப் பாருங்கள். முழுக் கொள்ளளவுக்கான நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களும் அந்த எண்ணைக் கேட்டுத்தான் நகர்வார்கள். ‘தண்ணி வேற லெவல்ல இருக்கு’ என்று அறிவித்தால் மூட்டை கட்டுவதா, வேடிக்கை பார்க்கப் போவதா? மதுரையில் வைகையின் யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும்போது, 1889-இல் திறந்த உயரமான ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தில் வண்டி ஓடும். ‘தரைப்பாலம்’, ‘உயர்மட்டப் பாலம்’ என்ற பெயர்களே எது மேலே, எது கீழே என்று சொல்லிவிடுகின்றன.

அடுத்து ‘வேற’. எழுத்தில் ‘வேறு’, பேச்சில் ‘வேற’. (‘வேர லெவல்’ என்று இடையின ரகரம் போட்டு எழுதுவது பிழை, ‘வேர்’ என்பது செடிக்கு.) வேற்றாள், வேற்றூர், வேறுபாடு என எங்கும் இதற்குப் பிரிவு, மாற்றம் என்ற பொருள்தான். புகழ்ச்சி துளியும் கிடையாது. பேச்சு வழக்கில் வந்தால் பெரும்பாலும் சலிப்பைத்தான் கொண்டுவரும்: ‘வெயில் கொளுத்துது, இதுல கரண்ட் வேற இல்ல.’ ‘அவர் லெவலே வேற’ என்னும்போதாவது லெவலுக்கு ஓர் உடைமையாளர் இருக்கிறார். அவரோடு மற்றவர்களை ஒப்பிடுகிறோம் என்று புரியும். திருப்பிப் போட்டு ‘வேற லெவல்’ ஆக்கியதும் ஆளும் போயிற்று, ஒப்பீடும் போயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? லெவலுக்கு மட்டம் என்று வைத்து ‘வேற மட்டம்’ என்று ஜிகர்தண்டாக் கடையில் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் முகம் மாறிவிடும். மட்டம் என்றால் சமநிலை, அளவு. கூடவே தாழ்ந்த தரமும். மட்ட ரகம், மட்டமான பேச்சு, ஆளை மட்டம் தட்டுவது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவது தனி. நீர்மட்டம், தரைமட்டம், உயர்மட்டக் குழு என்று கூட்டுச்சொல்லாக வரும்போது மட்டும் மரியாதையோடு நிற்கும். மற்ற இடங்களில் லெவலுக்கு வேறு வேறு சொற்கள்: ரத்தத்தில் சர்க்கரை அளவு, மாவட்ட அளவில் போட்டி, படிப்பின் தரம், விளையாட்டில் அடுத்த கட்டம். எல்லாவற்றுக்கும் ‘நிலை’ என்று போட்டு ஒப்பேற்றினால் அதுவும் இன்னொரு ‘லெவல்’தான்.

வேடிக்கை என்னவென்றால், வேற லெவல்காரர்கள் தேடும் சொல் மட்டத்தின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘மட்டு’ என்றால் அளவு, எல்லை. மட்டு மரியாதை, மட்டுப்படுத்து, ‘மட்டும்’ எல்லாம் அதன் உறவு. எல்லை கடந்தது ‘மட்டற்ற’து. மட்டற்ற மகிழ்ச்சி என்று அழைப்பிதழில் அச்சடிப்பதோடு அதை நிறுத்திக்கொண்டோம்.

‘அபார’மும் இதே கருத்துத்தான், வடமொழியில் கரை காணாதது. ‘பிரமாதம்’ கதை வேறு: வடமொழியில் கவனப்பிசகு, தவறு. தமிழுக்கு வந்து பாராட்டாக மாறிவிட்டது. ‘ஜோர்’ பாரசீக மொழியில் வலிமை. ‘சூப்பர்’ லத்தீனில் ‘மேலே’. அதற்காவது திசை தெரியும். ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்துச் சொல்லவேண்டுமானால் ‘தனி ரகம்’ போதும். ஒப்பிட்டு உயர்த்த ‘ஒரு படி மேல்’.

இதைவிட நல்ல வழி, பொருளைப் பார்த்துச் சொல்வது. பால் நன்றாகச் சுண்டியிருக்கிறது, கடல்பாசி பல்லில் சிக்காமல் வழுக்குகிறது, நன்னாரி வாசம் தனியாகத் தெரிகிறது: ஜிகர்தண்டாவுக்கு இதைவிடப் பாராட்டு உண்டா? மல்லிகைக்கு, மொட்டு திரண்டிருக்கிறது, காம்பு நீளம், பொழுது சாயும்வரை விரியாது. பூ வியாபாரி விலை சொல்வது இதை வைத்துத்தான்.

கொத்தனாரிடம் ‘வேற லெவல்’ வேறு முகம் காட்டும். குளியலறைத் தரைக்கு, தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி வாட்டம் கொடுக்கவேண்டும். கொடுத்துக் கல்லும் பதித்த பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். அது மூலையில் தேங்கி நின்றால், ‘இந்தப் பக்கம் லெவல் வேற’ என்பார். நாலு கல்லைப் பெயர்த்துவிட்டு மறுபடி போடவேண்டும் என்று அர்த்தம்.