லோகோஸ்: பகுத்தறிவா, கணக்கா?

'லோகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் வரும் விடை 'பகுத்தறிவு'. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வேரைத் தோண்டிப் பார்த்தால் இரண்டு சொற்களும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. பகுத்தறிவு பிரித்து அறிவது. லோகோஸ் சேர்த்து அறிவது.

பழைய கிரேக்க உச்சரிப்பில் இரண்டு உயிரும் குறில். 'லொகொஸ்' என்பதே ஒலிக்கு நெருக்கம். தமிழில் லோகோஸ் என்று பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். வடமொழி 'லோகம்' இதற்கு உறவில்லை. கம்பெனிகளின் 'லோகோ'வுக்கு உறவு உண்டு.

இதன் வினைச்சொல் 'லெகெய்ன்'. அதன் மூத்த பொருள் பொறுக்குதல், ஒன்றுசேர்த்தல். பழைய கிரேக்கக் கவி ஹோமரின் போர்க் காவியம் இலியத், அதன் 23ஆம் பாடலில், போரில் மாண்ட வீரன் பத்ரோக்ளசின் சிதை எரிந்து தணிகிறது. கனன்றுகொண்டிருக்கும் நெருப்பைத் திராட்சை மது ஊற்றி அணைக்கச் சொல்லிவிட்டு, "பிறகு பத்ரோக்ளசின் எலும்புகளைப் பொறுக்குவோம்" என்கிறான் அவன் தோழன் அக்கீலிஸ். 'பொறுக்குவோம்' என்ற இடத்தில் இருப்பது இந்த வினைதான். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 4ஆம் பாடலில் அதே வினை எண்ணுதலாகிறது. கடல் கிழவன் புரோட்டியஸ் கரையேறித் தன் கடல்நாய்களை எண்ணுகிறான். அவற்றின் தோலைப் போர்த்துப் பதுங்கிப் படுத்திருக்கும் கிரேக்க மன்னன் மெனலாவுசையும் அவன் ஆட்களையும் முதலில் சேர்த்து எண்ணிவிடுகிறான், வித்தியாசம் தெரியாமல்.

பொறுக்குவது எண்ணுவதானது புரிகிறது. எண்ணுவது எப்படிச் சொல்லுவதானது? நெல் அளக்கும் களத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குவியலிலிருந்து மரக்காலை நிரப்பி, தலை தட்டி, சாக்கில் கொட்டும்போது அளப்பவர் வாய்விட்டுச் சொல்வார்: "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்ல மாட்டார், முதல் மரக்கால் லாபம். அந்தக் குரல் நின்றால் அளவும் நின்றுபோகும். அள்ளுவது, எண்ணுவது, சொல்லுவது மூன்றும் அங்கே ஒரே வேலை. லெகெய்ன் என்ற வினைக்குள் இந்த மூன்றும் இருக்கின்றன.

ஆகவே லோகோஸ் என்பதற்குப் பேச்சு, வரலாறு, விளக்கம், கணக்கு, காரணம் என்று ஒரு குடும்பமே பொருளாக அமைந்தது. ஏதென்ஸ் நகரில் பதவி முடிந்து இறங்கும் அதிகாரிகளின் வரவுசெலவைச் சரிபார்த்தவர்களுக்குப் பெயர் 'லோகிஸ்டாய்', கணக்காய்வாளர்கள். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் 'மூலங்கள்' என்ற தொகுப்பின் 5ஆம் நூலில் லோகோஸ் என்றால் விகிதம். லோகோஸ் இல்லாதது 'அலொகொஸ்'. நம் பள்ளிக் கணக்கில் வரும் 'விகிதமுறா எண்' இந்த வழியில் வந்த கருத்துதான். லத்தீன்காரர்கள் லோகோசை 'ராட்சியோ' என்று பெயர்த்தார்கள். அதுவும் கணக்கிடுதலில் பிறந்த சொல். ஆங்கிலத்தின் 'ரீசன்', 'ரேஷியோ' இரண்டும் அதன் பிள்ளைகள்.

எபேசு நகரத்துக் கிரேக்கத் தத்துவவாதி ஹெராக்ளைட்டஸ், கி.மு. 500ஐ ஒட்டி வாழ்ந்தவர், இந்தச் சந்தைச் சொல்லைத்தான் உலகத்தின் ஒழுங்குக்கே பெயராக வைத்தார். என்னைக் கேட்காதீர்கள், லோகோசைக் கேளுங்கள், எல்லாம் ஒன்று என ஒத்துக்கொள்வதே அறிவு என்கிறது அவருடைய துணுக்கு ஒன்று. 'ஒத்துக்கொள்வது' என்ற இடத்தில் அவர் போட்ட சொல் 'ஹொமொலொகெய்ன்', அதாவது ஒன்றுபோலச் சொல்லுதல். லோகோஸ் என்ற பெயர்ச்சொல்லுக்கு எதிரொலியாக அதே வேரிலிருந்து ஒரு வினை. இந்த நயத்தை எந்த மொழிபெயர்ப்பிலும் நான் பார்த்ததில்லை. அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில், வலியையும் இன்பத்தையும் காட்டக் குரல் எல்லா விலங்குக்கும் உண்டு, நீதி எது அநீதி எது என்று காட்டும் லோகோஸ் மனிதனுக்கு மட்டுமே உண்டு என்கிறார். அங்கே அது பேச்சா, அறிவா? இரண்டுந்தான். கிரேக்கர் பிரிக்கவில்லை.

தமிழுக்கு இந்தச் சொல் பைபிள் வழியாகப் பெரிய அளவில் வந்தது. யோவான் நற்செய்தியின் முதல் வரியைப் பழைய மொழிபெயர்ப்பு "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்றது. பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்றது. 'வாக்கு' நல்ல தேர்வு. அதில் பேச்சோடு உறுதியும் இருக்கிறது. ஆனால் எண்ணும் கணக்கும் இரண்டிலுமே விடுபட்டுவிட்டன.

அவற்றுக்கு நம்மிடம் சொல் இல்லாமலா? 'எண்' என்ற வேரைப் பாருங்கள். விரல் விட்டு எண்ணுவதும் மனத்தில் எண்ணுவதும் ஒரே வினை. "எண்ணித் துணிக கருமம்" என்ற குறளில் (467) இருப்பதும் அதுதான். 'அளவை' என்றால் மரக்காலும் அளவை, அறிவைச் சோதிக்கும் பிரமாணமும் அளவை. இலங்கையில் உயர்தர மாணவர்கள் தர்க்கத்தை 'அளவையியல்' என்றே படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லை ஏன் கைவிட்டோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆகவே தர்க்கத் துறைக்கு 'அளவையியல்' வைக்கலாம், யோவானுக்கு 'வாக்கு' இருக்கட்டும். ஹெராக்ளைட்டசுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் ஒரே சொல்தான் வேண்டுமென்றால் நான் 'கணக்கு' என்பேன். "எந்தக் கணக்குல இதைச் சொல்றே?" என்று கேட்கும்போது நாம் கேட்பது கூட்டலையா கழித்தலையா? காரணத்தைக் கேட்கிறோம். இது இன்றைய பேச்சு வழக்கு மட்டும் அன்று. மணிமேகலையின் 27ஆம் காதைக்குப் பெயர் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. அந்தக் கணக்கர்கள் சமயக் கொள்கைகளை வாதிட்டு நிறுவுகிறவர்கள். வஞ்சி மாநகரில் மணிமேகலை அவர்களில் முதலில் சென்று கேள்வி கேட்பது அளவைவாதியை, அதாவது பிரமாணங்களை வைத்து வாதிடுகிறவரை.