அனிமல் டாக்குமெண்டரி நல்லது தான், ஆனா பக்கத்துல நீங்க உக்காரணும்

கோயம்புத்தூர்ல குழந்தைகள் டாக்டரா பிராக்டிஸ் பண்றேன். வீட்ல டிவில என்ன பார்க்குறான்னு கேட்டா நிறைய அம்மாக்கள் "கார்ட்டூன்லாம் இல்ல டாக்டர், அனிமல் சேனல் தான், அறிவு வளரும்ல"ன்னு சொல்றாங்க. நல்ல விஷயம் தான், நானும் அதத்தான் பார்க்கச் சொல்றேன். ஆனா அத போட்டு விட்டுட்டு நாம கிச்சனுக்கோ போனுக்கோ போயிடுறோம் பாருங்க, சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். ரெண்டு வயசு வரைக்கும் ஸ்க்ரீனே வேண்டாம், 2ல இருந்து 5 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு எங்க இந்திய குழந்தை மருத்துவ அகாடமி சொல்லுது. யானை படம்னாலும் கணக்கு அதே தான்.

நாலு வயசு பொண்ணு ஒருத்தி, ராத்திரி அலறிக்கிட்டு எந்திரிக்கிறான்னு கூட்டிட்டு வந்தாங்க. காய்ச்சல் இல்ல, பூச்சித் தொல்லை இல்ல, ஸ்கூல்லயும் ஒண்ணும் பிரச்சனை இல்ல. பொம்மைய கையில குடுத்து மெதுவா பேச்சுக் குடுத்தா, சிறுத்தை ஒரு மான் குட்டிய கவ்விட்டுப் போன சீன் வெளிய வருது. அதுலயும் அவ கேட்டது "அந்தக் குட்டியோட அம்மா ஏன் ஓடிப் போச்சு?"ன்னு. சிறுத்தைய பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பெரியவங்களுக்கு அது வேட்டை சீன், அவளுக்கு அது விட்டுட்டுப் போன அம்மா. அந்த நேரத்துல பக்கத்துல யாராவது இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல பேசி முடிச்சிருக்கலாம், சிறுத்தைக்கும் வீட்ல குட்டி இருக்கு, அதுக்கும் பசிக்கும், மான் ஓடலன்னா அதுவும் செத்துரும், ஆனா உங்க அம்மா உன்ன விட்டுட்டு எங்கயும் போகமாட்டான்னு. "அந்தக் குட்டிக்கு ஒண்ணும் ஆகல"ன்னு பொய் மட்டும் சொல்லாதீங்க, பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க, அப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க.

குழந்தை உங்க கைய இறுக்கிப் புடிச்சா டிவிய டக்குனு ஆஃப் பண்ண வேண்டாம், மியூட் பண்ணுங்க. பாதி பயம் சத்தத்துல தான் இருக்கு. காட்டுல ரொம்ப தூரத்துல இருந்து பெரிய லென்ஸ் போட்டு எடுக்குறதால அந்த மிருகத்தோட சத்தம் சரியா பதிவாகாது, காலடி சத்தம், கடிக்கிற சத்தம் எல்லாம் பெரும்பாலும் ஸ்டூடியோல சேர்க்குறது தான், மேல மியூசிக் வேற. கொஞ்சம் பெரிய பசங்கன்னா இத சொல்லியே குடுங்க, ரொம்ப ஆர்வமா கேப்பாங்க. 2016ல பிபிசியோட பிளானட் எர்த் 2ங்கிற டாக்குமெண்டரி தொடர்ல, கலாபகோஸ் தீவுல ஒரு இகுவானா (பெரிய பல்லி மாதிரி) குட்டிய பாம்புக் கூட்டம் துரத்துற சீன் உலகம் முழுக்க வைரல் ஆச்சே, அது ஒரே குட்டி இல்ல, வேற வேற குட்டிங்க ஓடுனத ஒட்டித்தான் அந்த சீன பண்ணோம்னு எடுத்தவங்களே பின்னாடி சொன்னாங்க. இது தெரிஞ்ச எட்டு வயசுப் பையன் அடுத்த தடவ பார்க்கும்போது கட் எங்க வருதுன்னு தேட ஆரம்பிச்சிடுவான்.

பயத்த விட எனக்கு கவலை குடுக்குறது பயமே இல்லாம போறது தான். முதுமலை தெப்பக்காடு யானை முகாம்ல எடுத்த தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்ங்கிற டாக்குமெண்டரி 2023ல ஆஸ்கர் வாங்குச்சு, குடும்பத்தோட பார்க்க அருமையான படம், நாப்பது நிமிஷம் தான். ஆனா அதுல வர்ற ரகு, கரண்ட் அடிச்சு அம்மாவ பறிகுடுத்த யானைக் குட்டி, முகாம்ல யானைகள பார்த்துக்குற தம்பதி பொம்மனும் பெள்ளியும் ராப்பகலா பார்த்து வளர்த்ததால தான் அப்படி பழகுது. இத நாம சொல்லலன்னா மருதமலை, தடாகம் பக்கம் ரோட்டுல நிக்கிற காட்டு யானையும் ரகு மாதிரி தான்னு குழந்தை நினைச்சுக்கும், பெரியவங்களே வண்டிய நிறுத்தி செல்ஃபி எடுக்குற ஊர் இது.

பாம்ப வால புடிச்சு கேமராவுக்கு காட்டுற ஷோ எல்லாம் சின்னப் பசங்களுக்கு தயவுசெஞ்சு வேண்டாம். கட்டுவிரியன் கடிச்சா பல நேரம் வலியே தெரியாது, குழந்தை சொல்லவும் சொல்லாது. பாம்பு தொட்டுச்சுன்னு சந்தேகம் வந்தாலே போதும், கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, கைகால அசைக்க விடாம தூக்கிட்டு நேரா விஷமுறிவு மருந்து இருக்குற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, ஜிஎச்ல இருக்கும்.

இன்னொன்னு, மொபைல்ல ஷார்ட்ஸ் பக்கம் விடவே விடாதீங்க. மலைப்பாம்பு நாய்க்குட்டிய சுத்தியிருக்கும், ஒருத்தர் கரெக்டா வந்து காப்பாத்துவார், அதுல நிறைய செட்டப். குட்டிய அவங்களே பாம்புகிட்ட போட்டு எடுக்குறாங்க, பாவம். பாம்பு வர்றதுக்கு முன்னாடியே கேமரா ரெடியா இருந்துச்சுன்னா சந்தேகப்படுங்க.

ஒரு நாள் ரெண்டு நாள் கெட்ட கனவு வந்தா பரவால்ல, கட்டிப்புடிச்சு படுக்க வைங்க, சரியாயிடும். ரெண்டு மூணு வாரம் ஆகியும் தூக்கம் வரல, தனியா பாத்ரூம் போகக்கூட மாட்டேங்குதுன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, என்ன பார்த்தாங்கன்ற விவரத்தையும் மறக்காம சொல்லுங்க.