படம் தடுமாறும்போதும் ஒலி ஏன் நிற்பதில்லை?

இணைய வேகத்தைக் கூட்டிய பிறகும் மடிக்கணினியில் யூடியூப் படம் விட்டுவிட்டு நகர்கிறது, பேச்சு மட்டும் பிசிறில்லாமல் கேட்கிறது, என்ன கோளாறு என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி விடை அவர் கேள்வியிலேயே இருக்கிறது. இணைப்பு மந்தமானால் பெரும்பாலும் படமும் ஒலியும் சேர்ந்தே நின்று, திரையில் வட்டம் சுழலும். ஒலி தொடர்கிறது என்றால் தரவு வந்துவிட்டது. சுருக்கி அனுப்பப்பட்ட அதை விரித்துப் படமாக்கத்தான் கணினி திணறுகிறது.

வீடியோ என்பது அடுத்தடுத்து மாறும் அசையாப் படங்களின் வரிசை; அதில் ஒரு படமே சட்டகம் (ஃபிரேம்). 1920×1080 அளவுள்ள ஒரு சட்டகத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. வினாடிக்கு 25 சட்டகங்களைச் சுருக்காமல் அனுப்பினால் 100 கோடி பிட்டுகளைத் தாண்டிவிடும். சுருக்கிய பின் சில பத்து லட்சம் பிட்டுகளே போதும். இந்தச் சுருக்கத்துக்கு அடிப்படையான கொசைன் உருமாற்றத்தை, அதாவது படத்தை அலை வடிவங்களின் கூட்டாக எழுதும் கணக்கு முறையை, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது இருவருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்டார். அதை ஆராய அவர் 1972இல் நிதி கேட்டபோது, யோசனை மிகவும் எளிமையானது என்று அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்துவிட்டது. எளிய யோசனைகளுக்கென்று ஒவ்வொரு நிதிக்குழுவும் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பேன்.

சரி, ஒலி மட்டும் எப்படித் தப்பிக்கிறது? ஒலியை விரிப்பது மிகச் சிறிய வேலை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் அழகானது: பெரும்பாலான பிளேயர்களுக்கு ஒலியே கடிகாரம். கணினியின் ஒலிச்சில்லு வினாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவை நொடிக்கு நொடி குறிக்கும் எண்கள்) என்பதுபோன்ற சீரான கதியில் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. எத்தனை மாதிரிகள் ஒலித்தன என்று எண்ணியே பிளேயர் நேரத்தை அறிகிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் அது தோன்ற வேண்டிய நேரம் குறிக்கப்பட்டிருக்கும். முன்னதாகத் தயாரான சட்டகம் காத்திருக்கும். மிகவும் பிந்தியது கைவிடப்படும். கச்சேரியில் ஓரிடத்தைத் தவறவிட்ட வயலின்காரர், தாளத்தை நிறுத்தச் சொல்லாமல் அடுத்த இடத்தில் வந்து சேர்ந்துகொள்வாரே, அதைப்போல. 40 மில்லி வினாடி மட்டுமே நிற்கும் சட்டகம் ஒன்று காணாமற்போனால் கண் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒலியில் அதைவிடச் சிறிய இடைவெளி விழுந்தாலும் காது 'டப்' என்று பிடித்துவிடும்.

ஆகவே வாசகர் முதலில் வீடியோவின் மேல் வலது சொடுக்கி, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பகுதியைத் திறக்கட்டும். கைவிடப்பட்ட சட்டகங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் உறுதி. பிரவுசர் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் முடுக்கம் (படம் விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கும் வசதி) அணைந்திருந்தால் இயக்க வேண்டும். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். பழைய கணினியில் ஏவி1 போன்ற புதிய வீடியோச் சுருக்க வடிவங்களை விரிக்கும் சில்லு இருக்காது. அங்கே படத்தின் தரத்தை 720பிக்கு இறக்குவது ஒரு வழி. எந்தக் கோளாறுக்கும் கேச்சை (பிரவுசர் சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகளை) அழிப்பதைப் பரிகாரம்போலச் செய்யும் பழக்கம் இங்கே உதவாது.

இதே கடிகாரத்தால் நேர்மாறான கோளாறும் வரும். ஹெட்போனைப் பிடுங்கும்போதோ மாற்றும்போதோ ஒலிச்சாதனம் சிக்கிக்கொண்டால், இணைப்பும் கிராஃபிக்ஸும் நன்றாக இருந்தும் படம் அசையாமல் நின்றுவிடக்கூடும். மாதிரிகள் நகராதபோது பிளேயருக்கு நேரமும் நகர்வதில்லை. ஹெட்போனைக் கழற்றி மீண்டும் செருகிப் பக்கத்தைப் புதுப்பித்தால் பெரும்பாலும் படம் ஓடத் தொடங்கும்.