பிறந்த குழந்தையின் தோலில் பூக்கும் செந்திட்டுகள்

பிறந்த மறுநாள் துணி மாற்றும்போது, குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் கொசு கடித்ததுபோலச் சிவந்த திட்டுகள் தெரியும். சிலவற்றின் நடுவில் வெளிர்மஞ்சளாக ஒரு சிறு பொரி இருக்கும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேர் வரைக்கும் இது வரும். மருத்துவர்கள் இதை 'எரிதீமா டாக்சிகம்' என்பார்கள். டாக்சிகம் என்றால் நஞ்சு. பழைய காலத்தில் ஒட்டிக்கொண்ட தவறான பெயர் அது. தாய் சாப்பிட்ட எதுவும் இதற்குக் காரணமில்லை. பத்தியம் என்று பெற்றவளைப் பட்டினி போடவே கூடாது.

கருவறையை விட்டு வந்த சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் தோலில் குடியேறி மயிர்க்கால்களுக்குள் இறங்குகின்றன. அவற்றை முதன்முதலாகச் சந்திக்கும் எதிர்ப்பாற்றல் அங்கே வெள்ளணுக்களைத் திரட்டுகிறது. அந்த அழற்சிதான் திட்டாகத் தெரிகிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். பொரியில் இருப்பதைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால் இயோசினோபில் என்ற ஒருவகை வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும். சீழ்க்கட்டியில் மொய்க்கும் அணுக்கள் வேறு வகை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மயிர்க்கால்களே இல்லை, அதனால் அங்கே இது பெரும்பாலும் வருவதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கும் அரிது. அவர்களின் எதிர்ப்பாற்றல் இன்னும் முதிரவில்லை.

காலையில் தொடையில் இருந்த திட்டு மாலையில் மறைந்து தோளில் புதிதாக ஒன்று எழும். இந்த இடமாற்றம் நல்ல அடையாளம். கருத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது, பொரிதான் கண்ணில் படும். பெரும்பாலும் ஒரு வாரத்தில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், தழும்பில்லாமல் அடங்கிவிடும்.

மூக்கின் மேல் ரவை ரவையாக இருக்கும் வெண்புள்ளிகள் வேறு. தோலுக்கடியில் தேங்கிய கெரட்டின் என்ற தோல் புரதம் அது. சில வாரங்களில் தானே உதிரும். கழுத்து மடிப்பில் வருவது வேர்க்குரு, வியர்வைக் குழாய் அடைபட்டதால். துணியைக் குறைத்துக் காற்றுப் பட விட்டால் போதும்.

செந்திட்டுக்கு மருந்தே வேண்டாம். மஞ்சள், பவுடர், எண்ணெய், ஸ்டீராய்டு களிம்பு எதையும் பூசாதீர்கள். பொரியை நகத்தால் கிள்ளினால்தான் உண்மையான கிருமித்தொற்று உள்ளே போகும்.

நீர் கோத்த கொப்புளங்கள் கொத்தாக வந்தாலோ, பொரி உடைந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளம் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, அக்குளில் வைத்த வெப்பமானி 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, திட்டு இருக்கிறதோ இல்லையோ, இரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.