எழுதி வச்சீங்களா, எழுதிக் கொடுத்தீங்களா?

போன ஆவணியில் ஓர் அம்மா ஆபீசுக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. மஞ்சள் பையிலிருந்து ஒரு பத்திர நகலை எடுத்து மேசையில் வைத்தார். "வீட்டைப் பையனுக்கு எழுதி வச்சேன் சார். இப்ப பின்கட்டு ரூமையும் காலி பண்ணச் சொல்றாங்க. நான் இருக்கிற வரைக்கும் வீடு என்னுதுதானே?"

பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே 'தான செட்டில்மெண்ட் பத்திரம்' என்று இருந்தது. 2019-இல் பதிவானது. அந்த அம்மா மனதில் இருந்தது உயில், கையெழுத்துப் போட்டது வேறொன்றில்.

இந்த 'எழுது' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்களை வருஷத்துக்கு நாலைந்து பேராவது பார்த்துவிடுகிறேன். விற்றாலும் எழுதிக் கொடுத்தார், தானமாகத் தந்தாலும் எழுதிக் கொடுத்தார், பங்கை விட்டாலும் எழுதிக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கினால் எழுதி வாங்கினார், கழுத்தில் கத்தி வைத்து வாங்கினாலும் அதே எழுதி வாங்கினார்தான். ஒரு சொத்தின் பேரில் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள், அங்கேயும் 'எழுதிக் கொடுத்தவர்', 'எழுதி வாங்கியவர்' என்றுதான் கட்டம் போட்டிருப்பார்கள். கிரயமா, செட்டில்மெண்டா, விடுதலையா என்பதை அதே வரியில் உள்ள 'தன்மை' என்ற கட்டத்தில்தான் தேட வேண்டும். பலர் அந்தக் கட்டத்தைப் படிப்பதே இல்லை.

'எழுதி வைத்தார்' என்றால் பெரும்பாலும் உயிலைத்தான் சொல்கிறோம். சோற்றை எடுத்து வைப்பது போல, பின்னால் ஒருவருக்கு ஆகும் என்று வைப்பது. ஆனால் செட்டில்மெண்ட் எழுதியவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். பத்திரத்துக்கு அந்த 'வை' தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: உரிமை இன்றைக்கே போகிறதா, எழுதியவர் காலத்துக்குப் பிறகா?

செட்டில்மெண்டில் இன்றைக்கே போகிறது. 'இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்', 'சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்றெல்லாம் வாசகம் வரும். வாசிக்கும்போது ஏதோ ஆசீர்வாதம் மாதிரி கேட்கும். உண்மையில் சாவியைக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். உயிலில் 'என் ஆயுளுக்குப் பின்' என்று வரும். அதை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மெண்டை அப்படி முடியாது. மனம் மாறி, தானாக ஒரு ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்தால் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பத்திரத்திலேயே ரத்து செய்யும் உரிமையைச் சட்டம் ஒப்புகிற விதத்தில் வைத்திருந்தால்தான் விதிவிலக்கு.

தலைப்பை மட்டும் நம்பவும் முடியாது. 'உயில்' என்று தலைப்புப் போட்டு உள்ளே இன்றைக்கே உரிமையைக் கொடுத்திருப்பார்கள். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் உள்ளே இருக்கும் வாசகத்தைத்தான் பார்க்கும்.

பிள்ளைகள் ஏன் செட்டில்மெண்டைக் கேட்கிறார்கள் என்றால், எல்லாரும் கெட்டவர்கள் என்பதால் அல்ல. பட்டாவும் வீட்டு வரியும் உடனே பேர் மாறும், பேங்கில் லோன் வாங்கலாம். செலவும் குறைவு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் 40,000 ரூபாய் என்று 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு. கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் 'என் ஆயுள் உள்ளவரை நானே குடியிருந்து, வாடகையும் நானே பெற்றுக்கொள்வேன்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டோம் என்று அடம்பிடித்தால் அன்றைக்கே யோசியுங்கள்.

'விடுதலை' இன்னொரு வம்பு. ஜெயிலிலிருந்து வருவதும் விடுதலை, கூட்டுச் சொத்தில் தன் பங்கை மற்றப் பங்காளிக்கு விட்டுக்கொடுப்பதும் விடுதலை. "அக்கா, சும்மா ஒரு கையெழுத்துதான், பட்டா மாத்தணும்" என்று தம்பி கூப்பிடுவார். போய்ப் போட்டுவிட்டு வந்தால் அப்பா சொத்தில் பாத்தியம் அன்றோடு முடிந்தது. தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு 1989-லேயே வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. (அந்தந்தச் சட்டத்தில் தேதி, நிபந்தனை எல்லாம் உண்டு, அது தனிக் கதை.) அந்தப் பங்கு பத்து நிமிஷக் கையெழுத்தில் போவதை இன்றும் பார்க்கிறேன்.

'பவர் எழுதிக் கொடுத்தேன்' என்பது இந்த வரிசையிலேயே சேராது. பவர் என்பது என் சார்பில் நீ செய் என்ற அதிகாரம் மட்டும். பவரை வைத்து இடம் வாங்கியதாக நினைப்பவர்கள் உச்ச நீதிமன்றத்தின் 2011 சூரஜ் லேம்ப் தீர்ப்பைக் கேட்டறிவது நல்லது. பவரை மட்டும் வைத்துச் சொத்தின் உரிமை மாறாது என்பதுதான் அது.

சரி, உயிலுக்கு வருவோம். பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம், இரண்டு சாட்சிகள் கண்டிப்பாக வேண்டும். பதிவு செய்தாலும் அது பதிவு அலுவலகத்தில் உயிலுக்கென்று தனியாக உள்ள மூன்றாம் புத்தகத்தில் போகும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள், வில்லங்கச் சான்றிலும் வராது. "உயில் எழுதினா ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடும்" என்று பயந்து செட்டில்மெண்ட் எழுதினேன் என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

அந்த அம்மாவின் பத்திரத்துக்கு வருகிறேன். நாலாம் பக்கத்தில், யார் புண்ணியமோ, 'என்னைக் கடைசிவரை வைத்துப் பராமரித்து வர வேண்டியது' என்று ஒரு வரி இருந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்துவிட்டு, பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கக் கேட்கலாம். அந்த வரி இல்லாவிட்டாலும் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு, நன்றாகப் போராட வேண்டியிருக்கும். மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் நேரிலேயே கொடுக்கலாம், வக்கீல் வேண்டும் என்றுகூட இல்லை. அந்த அம்மாவும் அப்படித்தான் கொடுத்தார், நான் எழுதிக் கொடுத்ததோடு சரி. விசாரணைக்கு மகனுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அதுவரை பின்கட்டு ரூமைக் காலி பண்ணாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.